மூன்றாவது ஓட்டு

அக்டோபர் 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு டேல் இன்று எங்கள் புல்வெளியில் தேர்தல் பலகை நட்டுவிட்டுப் போனார். நடலாமா என்று கேட்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தத் தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் அவரேதான் கொண்டுவந்து நடுவார். இதுவரை எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடுவார், எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே. ஜூன் மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது ஸ்வென்பர்க் முழுக்கத் தெரியும். ஸ்வென்பர்க் முழுக்க என்றால் ஒரு தானியக் கிடங்கு, ஒரு தபால் நிலையம், ஒரு சர்ச், நெப்ராஸ்காவின் சோளக் காட்டுக்கு நடுவே நான்கு தெரு.

நான் என்ன செய்தேன்? காபி போட்டுக் கொடுத்தேன். முறுக்கும் வைத்தேன். வீடு தேடி வந்தவரைச் சும்மா அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "டில்லி, நீ நல்ல பொண்ணு. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். திலகவதி இங்கே டில்லி. கையில் காபியைக் கொடுத்ததும் பலகைக்குச் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

எத்தனால் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வைரவன், காரை விட்டு இறங்காமலே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன திலகா இது கூத்து? புடுங்கிப் போட்டுட்டு வரவா?"

"ஐயோ, வேணாங்க. அவரு மனசு சங்கடப்படும்."

"அப்ப நம்ம மனசு?"

பலகையின் நிறம் சிவப்பு. கட்சிப் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. நானே எழுதி நானே படிக்கிற நோட்டில், அதுவும் தமிழில். இருந்தாலும் நிறத்தை மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 16, புதன்

நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளில் பிரேக்ஸ்டனுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று முறை தரையைத் துடைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

இந்த ஊரில் யார் எதற்கு ஓட்டுப் போடுவார்கள் என்பது ரகசியமே இல்லை. எல்லாரும் சிவப்பு. நீலத்துக்கு எப்போதும் இரண்டே ஓட்டு. இசை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற லோவெல் ப்ரூயிட், அவர் மனைவி பெர்னிஸ். எந்தத் தேர்தலாக இருந்தாலும் எங்கள் சாவடி முடிவில் நீலம் இரண்டு என்றுதான் வரும். ஊர் அவர்களை "அந்த ரெண்டு பேர்" என்று கூப்பிட்டுக் கிண்டலடிக்கும். அவர்களும் சிரிப்பார்கள். லோவெலுக்கு இடுப்பு அறுவை நடந்தபோது ஊரே முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனது. டேலும் கொண்டுபோனார். அவர்தான் இந்த மாவட்டத்தில் சிவப்புக் கட்சித் தலைவர்.

டேலின் மனைவி மார்லினிடம் ஒருமுறை கேட்டேன், அவர்கள்மீது யாருக்கும் கோபமில்லையா என்று. மார்லின் எனக்கு இங்கே அக்கா மாதிரி. ஐஸ் படிந்த ரோட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "அவங்க இங்கயே பொறந்தவங்க ஹனி. நம்ம ஆளுங்க" என்றார்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. இங்கே பிறந்த இரண்டு பேர் வேடிக்கை. வெளியிலிருந்து வந்து மூன்றாவதாகச் சேருகிறவள் வேடிக்கையாக இருப்பாளா?

எங்கள் ஊர்ப்பக்கம் சுவரெல்லாம் சின்னம், தெருவெல்லாம் ஒலிபெருக்கி, டீக்கடையில் கைகலப்பு. ஆனாலும் சாவடிக்குள் போட்டது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஆயிரம் பேர் வரிசையில் யார் யாரைக் கண்டுபிடிப்பது? இங்கே சத்தமே இல்லை, சண்டை இல்லை. மொத்த ஓட்டு இருநூறைத் தாண்டாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ஏழு மணிக்கெல்லாம் ஹாலோவீன் வேடம் போட்டு ஒரு டைனோசர், இரண்டு இளவரசி, ஒரு டிராக்டர் வந்து இறங்கிவிட்டார்கள். என்னிடம் வருவது ஆறு பிள்ளைகள். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் காப்பகம். இந்த ஊருக்கு வேறு காப்பகம் கிடையாது. பெற்றவர்கள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த நம்பிக்கைதான் என் பிழைப்பு, இங்கே எனக்கு இருக்கிற மரியாதையும் அதுதான்.

மாலை டேல் மிட்டாய்க் கிண்ணத்தோடு வேலியோரம் நின்றார். "செவ்வாய்க்கிழமை உன் மொத ஓட்டு, டில்லி. நாங்க எண்ணிட்டுத்தான் இருப்போம்!" என்று கண்ணடித்தார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வேடிக்கையாக இல்லை.

வைரவனிடம் சொன்னேன். "அவரு எண்ணட்டுமே. நீ உன் மனசுக்குப் போடு. எனக்கும் சேத்து நீதான் போடணும்" என்றார். அவர் அப்பாவின் கடைசிக் காலத்தில் ஊரில் மாதக்கணக்கில் இருந்துவிட்டதால் குடியுரிமைக்கு இங்கே தொடர்ந்து இருக்கவேண்டிய வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இப்போதுதான் மனு போட்டிருக்கிறார். ஓட்டில்லாதவருக்கு வீரம் நிறைய.

நவம்பர் 5, செவ்வாய்

கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டு ஓட்டுப் போடப் போனேன். தீயணைப்பு நிலையத்தில்தான் சாவடி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். மேசையில் மார்லினும் பெர்னிஸும். இரண்டு கட்சிக்காரர்களும் இருக்க வேண்டும் என்பது விதியாம், அதனால் பெர்னிஸுக்கு நிரந்தர வேலை. மார்லின் சீட்டைக் கொடுத்து என் கையைத் தட்டினார். "எங்க டில்லிக்கு மொத ஓட்டு!" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நிஜமாகவே சந்தோஷமாகத் தட்டினார்கள்.

அட்டைத் தடுப்புக்குள் போய் நின்றேன். முதுகுப் பக்கம் திறந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை, நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பேனாவை எடுத்தேன். வட்டங்களை நிரப்பினேன். பெட்டியில் போட்டேன். வந்துவிட்டேன்.

வைரவன் சேமியாப் பாயசம் வைத்திருந்தார். "போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். பாயசத்தில் சர்க்கரை அதிகம்.

நவம்பர் 7, வியாழன்

மாவட்டப் பத்திரிகையில் சாவடி வாரியாகப் போட்டிருந்தார்கள். ஸ்வென்பர்க்: சிவப்பு 188, நீலம் 3.

நவம்பர் 8, வெள்ளி

மூன்று எப்படி வரும்?

நவம்பர் 9, சனி

வைரவன் பத்திரிகையை இன்றுதான் பார்த்தார். அடுப்படிக்கு வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். "நீ சிங்கம்டி. நான்கூட நீ பயந்து அந்தாளு கட்சிக்கே போட்டுருவியோன்னு நெனச்சேன். மன்னிச்சுக்க." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

இதுதான் சமயம், சொல்லியிருக்க வேண்டும். "குழம்பு அடி பிடிக்குது, விடுங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு துணி துவைக்கிற அறைக்குப் போய் இயந்திரத்தை ஓடவிட்டு அழுதேன். துணி எதுவும் போடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வயது கென்ஸி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: "டில்லி, நீ நம்பர் த்ரீன்னு எங்கப்பா சொன்னார். எந்தப் போட்டியில?"

"ஓட்டப் போட்டியில" என்றேன்.

"அப்போ ரொம்ப மெதுவா ஓடினியா?"

"ஆமாம் கண்ணு."

அவள் தூங்கிவிட்டாள். நான் கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். இந்த ஊரில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. இன்று நான் பூட்டினேன்.

இந்த வருடம் வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவள் நான் ஒருத்திதான். ஊரார் கணக்கில் தப்புச் சொல்ல முடியாது. நானே வெளியிலிருந்து பார்த்தாலும் என்னைத்தான் கை காட்டுவேன்.

நவம்பர் 14, வியாழன்

பிரேக்ஸ்டனின் அம்மா, திங்கள் முதல் அவனையும் தங்கச்சியையும் அவர்கள் பாட்டியே பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். உண்மையாகவே இருக்கலாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எப்போதுமே முகம் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. இப்படியே நானும் இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

மாலை கடையில் பால் வாங்கப் போனபோது காபி மேசையிலிருந்து ஒருவர், "இதோ வந்துட்டாங்க மூணாவது!" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் பால் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தால் தபால் பெட்டி கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. நேற்றிரவு காற்று பலமாக அடித்தது. காற்றாகத்தான் இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

தெருவில் வேறு எந்தத் தபால் பெட்டியும் சாயவில்லை.

நவம்பர் 18, திங்கள்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்று பிற்பகல் வீட்டுக்கு எதிரே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. உள்ளே ஓர் ஆள், தொப்பி, முகம் தெரியவில்லை. இறங்கவுமில்லை, போகவுமில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். பின் கண்ணாடியில் துப்பாக்கி மாட்டும் சட்டம். இங்கே பாதி வண்டியில் அது உண்டு, வேட்டைக்காலம் வேறு. அதெல்லாம் தெரிந்தும் திரையை இழுத்து மூடினேன்.

பிள்ளைகள் நால்வரையும் எழுப்பி, "சூறாவளி விளையாட்டு!" என்று சொல்லி நிலவறைக்குக் கூட்டிப்போனேன். சுவரோரம் குந்தி, தலைமேல் கை வைத்து, பாட்டுப் பாடினோம். சத்தமாகப் பாடினால் சூறாவளி போய்விடும் என்றேன். கென்ஸி கத்திக் கத்திப் பாடினாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வைரவனைக் கூப்பிடுவதா போலீஸைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் என்றால் ஷெரிஃபின் ஆள் ஒருவர்தான். அவரும் எங்கள் சாவடிதான்.

மேலே கதவு தட்டும் சத்தம். பிறகு, "டில்லி?" என்று குரல். கென்ஸி, "அப்பா!" என்று ஓடிவிட்டாள்.

அவள் அப்பா கோடி. புது வண்டி வாங்கியிருக்கிறான். வேலை சீக்கிரம் முடிந்ததாம், வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தானாம். நான் பூட்டைத் திறந்தபோது பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சூறாவளி விளையாட்டு விளையாடினோம்" என்றாள் கென்ஸி.

"நவம்பர்லயா?" என்றான். இங்கே சூறாவளி கோடையில்தான் வரும். அப்புறம் அவனுக்கே புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. மகளுக்கு ஷூவை மாட்டிவிட்டு நிமிர்ந்தவன், "டில்லி, நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல" என்றான். கோபமாகச் சொன்னானா, வருத்தமாகவா, தெரியவில்லை. என் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே ஒளிகிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

கென்ஸி வரவில்லை. சளி என்று செய்தி அனுப்பியிருந்தார்கள்.

போதும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எதற்காக இந்தப் பயம்? நான் செய்யாத காரியத்துக்கா? உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. டேலிடம் நேராகச் சொல்ல வெட்கம். மார்லினிடம் சொன்னால் மாலைக்குள் டேலுக்குப் போய்விடும், மறுநாள் ஊருக்கு. "நானும் உங்களைப் போலத்தான் போட்டேன்." பாத்திரம் தேய்க்கும்போது இதையே ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வைரவன் காதுக்கு வந்தால் என்ன என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்காமலில்லை, தள்ளிவைத்தேன்.

நவம்பர் 20, புதன்

மாலை மார்லின் வீட்டுக்குப் போனேன். டேல் வெளியே போயிருந்தார். மார்லின் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"மார்லின், அந்த மூணாவது ஓட்டு..." என்று தொடங்கினேன்.

அவர் எழுந்துபோய் அடுப்படிக் கதவைச் சாத்தினார். வீட்டில் யாருமே இல்லை, ஆனாலும் சாத்தினார். திரும்பிவந்து உட்காராமல் நின்றபடியே, "அது நான்தான்" என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அம்பது வருஷமா டேல் சொன்னதுக்குத்தான் போட்டேன் டில்லி. இந்தத் தடவ பேனா என் கையில இருக்குன்னு திடீர்னு தோணிச்சு. அவ்வளவுதான். வேற பெரிய காரணமெல்லாம் இல்ல." ஆப்பிள் தோலை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "எப்பவும் ரெண்டு வரும், இப்ப மூணா வந்தா யாரு கவனிக்கப் போறான்னு நெனச்சேன். உன்னச் சொல்வாங்கன்னு சத்தியமா நெனக்கல."

"டேலுக்குத் தெரிஞ்சா?"

"அடிக்க மாட்டாரு. திட்டக்கூட மாட்டாரு. பேசறத நிறுத்திருவாரு. சொந்த அண்ணன்கிட்ட நிலத் தகராறுல பேச்ச நிறுத்தினவரு, அந்த ஆளு செத்தப்பக்கூடப் போகல. இதே தெரு. எனக்கு எழுபத்தி மூணு வயசு. பேசாத வீட்ல நான் எப்படி இருப்பேன்?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் நீன்னுதான் நெனக்கிறாங்க. அப்படியே விட்டுரேன். உன்னால முடியும்னா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றில் இரண்டு ப்ரூயிட் தம்பதி. ஒன்று மார்லின். அப்படியென்றால் நான் எங்கே போட்டேன் என்பது இந்த ஊரில் ஒருவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும்.

"உனக்கு நெசமாவே டேலோட கட்சியத்தான் பிடிச்சிருந்ததா டில்லி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் ஆப்பிள் கிண்ணத்தை எடுத்துப்போய்க் குழாயில் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய ஆப்பிள்தான்.

நவம்பர் 22, வெள்ளி

இன்னொரு பிள்ளையும் நின்றுவிட்டது, இன்று வந்தது இரண்டே பிள்ளைகள். கூடம் இவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது.

வைரவன், "போனாப் போகுது, ஒமாஹா சிட்டிக்கு மாறிக்கலாம். நீ செஞ்சது சரி, அதுக்காகத் தலை குனிய வேணாம்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஊரைவிட அவரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. மார்லினைக் காப்பாற்றுவதா, பிழைப்பைக் காப்பாற்றுவதா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், நேற்றுவரை பிழைப்பு என்றுதான் மனம் சொன்னது. இன்று எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சர்ச்சின் கீழ்த்தளத்தில் அறுவடை விருந்து. போகவேண்டாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனோம். ஊரே இருந்தது. கோடி, கென்ஸியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். நிஜமாகவே சளிதான் போல, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ப்ரூயிட் தம்பதி வழக்கமான மூலையில். மார்லின் காபிக் கூஜாவோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார்.

நீள மேசையில் டேலுக்கு எதிரே எங்களுக்கு இடம் கிடைத்தது. யாரோ வழக்கம்போல் மூன்றாவது ஆளைப் பற்றித் தொடங்கினார்கள். டேல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நிறுத்துங்கப்பா" என்றார். "நான் யோசிச்சுப் பாத்துட்டேன். டில்லியா இருக்காது. நான் போய்ப் பலகை நட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கும். எனக்குக் காபி குடுத்துச்சு, உக்காத்தி வெச்சுப் பேசிச்சு. மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டு அப்படி நடிக்கிற பொண்ணு இல்ல. அந்தப் பொண்ண நாம படுத்தி எடுத்துட்டோம். அதுக்கு நான் வருத்தப்படுறேன்."

மேசை முழுக்க என்னைப் பார்த்தது. எல்லார் முகமும் இளகியது. கோடிகூடத் தலையசைத்தான். இத்தனை நாள் நான் வேண்டியது இதுதான். வாயைத் திறக்கவே வேண்டாம், ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், திங்கட்கிழமை ஆறு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

"அப்படின்னா," என்றார் டேல், "நம்மள்ல ஒருத்தர். நம்மகூடவே உக்காந்து சாப்பிடற ஒருத்தர்." நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பார்க்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டுதான் பார்த்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் மார்லின் ஒரு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை விரிப்பில் பரவியது. அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார்.

"அது நான்தான், டேல்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். "மூணாவது ஓட்டு என்னோடதுதான். பலகை வேணாம்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபி குடுக்கிறது எங்க பழக்கம். அதுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்ல."

டேல் என்னையே பார்த்தார். கோபத்தை விட ஏமாந்துபோன மனிதரின் பார்வையாக இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. எனக்காக வருத்தம் தெரிவித்து வாய் மூடவில்லை, அதற்குள் ஊர் முன்னால் அவரை முட்டாளாக்கிவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு மேசைக்குப் போனார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். கோடி நின்ற இடத்திலேயே நின்றான். மார்லின் ஒரு துணியை எடுத்துவந்து சிந்திய காபியைத் துடைத்தார், தலையை நிமிர்த்தவேயில்லை.

வைரவன் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாளைக்கு யார் பிள்ளையைக் கொண்டுவருவார்கள், யார் வரமாட்டார்கள், ஒன்றும் தெரியாது. டேல் இனி என்னோடு பேசமாட்டார், அது மட்டும் நிச்சயம். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இதை எழுதும்போதும் வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருக்கிறது.

திரும்பி வரும்போது வைரவன்தான் கார் ஓட்டினார். வீட்டு முன்னால் நிறுத்தியபிறகு, "ஓட்டு என்னைக்கோ போட்டாச்சு. அவரே உன்ன விட்டுட்டாரு. இன்னைக்குப் போயி எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தாங்க போட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார்.